ஆற்றில் நிற்கும் கால்கள்

சாவியில் பாதி என் கையில் இருந்தது. மீதிப் பாதி பூட்டுக்குள் இருந்தது. நானும் ஹேசலும் கிறிஸ்தவக் கோயிலுக்குள் இருந்தோம்.

முழங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி அது. அதை முறிக்க வேண்டுமானால் ஒரு யானை வேண்டும். இல்லையென்றால், மனசுக்குள் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே பூட்டைத் திருகுகிற அறுபத்தொன்பது வயது ஆள் வேண்டும். ஸ்னெட்டரிங் கிராமத்தில் யானை கிடையாது.

சாவியைக் கொடுக்கும்போதே திருமதி டேக் சொல்லியிருந்தார். கோயிலுக்கு எதிர்வீடு அவருடையது. சாவி அவர் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கும். கதவை இடுப்பால் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் திருப்ப வேண்டும், வெளியேயிருந்துதான் பூட்ட வேண்டும், உள்ளேயிருந்து பூட்டினால் அந்தப் பூட்டுக்குப் பிடிக்காது என்று ஏதோ கோபக்கார மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். என் தலை யார் எதைச் சொன்னாலும் ஆடும். நடமாடும் நூலக வண்டியைக் காலமெல்லாம் ஓட்டியதில் வந்த பழக்கம். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் முட்டிவலியிலிருந்து மருமகள்வரை எல்லாவற்றையும் டிரைவரிடம்தான் சொல்வார்கள். காது மட்டும் அன்றைக்கு என்னுடைய வாக்கியத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

வாக்கியம் இவ்வளவுதான்: "போகாதே, ஹேசல்."

பெரிய வாக்கியம் இல்லை. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். என்னால் எட்டு மாதமாக முடியவில்லை.

ஹேசலும் என் வண்டியில் புத்தகம் எடுக்க வந்தவள்தான். அவள் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வியாழக்கிழமைதோறும் என் பழைய காரில் ஏதாவது ஒரு ஊருக்குப் போய் அங்கே இருக்கும் பழைய கோயிலைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கமாயிற்று. எங்கள் நார்ஃபோக் மாவட்டத்தில் கோயிலுக்கு என்ன பஞ்சம்? வயலில் நின்று கல்லை வீசினால் ஏதாவது ஒரு கோபுரத்தில் படும். அவள் சுவரையும் கூரையையும் பார்ப்பாள். நான் சுவரையும் கூரையையும் பார்க்கிற அவளைப் பார்ப்பேன். அப்புறம் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்புவோம். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய வாழ்க்கை என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

இப்போது ரொம்ப வடக்கே, இன்வர்னெஸ்ஸில், அவள் மகள் தன் தோட்டத்திலேயே அம்மாவுக்கென்று ஒரு குட்டி வீடு கட்டி முடித்துவிட்டாள். ஹேசலின் வீட்டை வாங்க ஆள் கிடைத்தாயிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை, வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து. போகத்தான் போகிறாயா என்று சுற்றிவளைத்து விசாரித்தால் "பார்க்கலாம்" என்பாள். எங்கள் பக்கத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கால் முறிந்து கிடக்கிறவனிடம் வலிக்கிறதா என்று கேட்டால்கூட, "பரவாயில்லை, பார்க்கலாம்" என்பான்.

கடைசியாக ஒருதடவை ஸ்னெட்டரிங்குக்குப் போய்விட்டு வரலாம் என்று ஹேசல்தான் சொன்னாள். அவள் பிறந்த ஊர். அவள் அப்பா அந்தக் கோயிலில் மணியடிக்கிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். 'கடைசியாக' என்று அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எந்தக் கோயிலில் நான் வாயைத் திறக்கப் போனாலும் யாராவது வந்துவிடுவார்கள்: பூ அலங்காரம் செய்கிற அம்மாள், சைக்கிளில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறவர், ஒருமுறை ஒரு செம்மறியாடு. அதனால் இன்று உள்ளே நுழைந்து, ஹேசல் வடக்குச் சுவர்ப் பக்கம் நடந்ததும், சத்தமில்லாமல் கதவைப் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

சத்தம் வந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

ஹேசல் திரும்பாமலே என்ன அது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சாவியின் பாதியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அது பையிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது.

வெளியே மூடுபனி. கடலிலிருந்து சதுப்புக்கு வந்து, சதுப்பிலிருந்து வயலுக்கு ஏறி, கல்லறைக் கற்களின் கழுத்துவரை வந்து நின்றிருந்தது. அந்தக் கோயிலின் சன்னல்களில் நிறமில்லை. நிறக் கண்ணாடி எல்லாவற்றையும் எந்தக் காலத்திலோ யாரோ கோபக்காரர்கள் உடைத்துவிட்டார்கள். வெறும் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் பால் கலந்த தண்ணீர்போல் தரைவரை இறங்கி, அங்கேயே தங்கியது. பெஞ்சுகள், தூண்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரு குளத்தின் அடியில் இருப்பதுபோல் இருந்தன. மேலே கூரை விட்டங்களில் மரத் தேவதைகள் சிறகை விரித்துக்கொண்டு மிதந்தன. பாதிப் பேருக்கு மூக்கு இல்லை. ஆனாலும் யாரும் வருத்தமாக இல்லை.

ஹேசல் நின்றுகொண்டிருந்த சுவரில் புனித கிறிஸ்தோபர் இருந்தார். குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாரே, அந்த மலைபோன்ற மனிதர். இருந்தார் என்று சொல்வதும் கொஞ்சம் கூடுதல்தான். ஒரு தலைமுறை அவரைச் சுண்ணாம்பால் மூடியது, இன்னொரு தலைமுறை சுரண்டித் தேடியது, இரண்டுக்கும் நடுவில் முழங்காலுக்கு மேலே அவர் போய்விட்டார். குழந்தையும் போய்விட்டது. இரண்டு பெரிய கால்கள் மட்டும் ஆற்றில் நின்றன. கால்களைச் சுற்றி மீன்கள், ஒரு விலாங்கு, யாரையோ கிள்ளக் காத்திருக்கும் ஒரு நண்டு. சின்ன வயதில் பிரசங்கம் முடியும்வரை ஹேசல் அந்த மீன்களை எண்ணிக்கொண்டிருப்பாளாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணக்கு வேறுவேறாக வருமாம்.

அவரைப் பார்த்த நாளில் சாவு வராது என்பது இந்த ஊர் நம்பிக்கை. அதற்காகத்தான் வாசலுக்கு நேர் எதிரே வரைந்திருந்தார்கள். வயலுக்குப் போகிறவன் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

"காலை மட்டும் பார்த்தா எப்படி? அரை நாளைக்குத்தான் செல்லுமோ?" என்றேன்.

"அப்படின்னா உனக்கு மத்தியானத்தோட முடிஞ்சுபோச்சு," என்றாள் ஹேசல்.

அப்போதுதான் என் கோட்டுப் பை அவள் கண்ணில் பட்டது. அருகில் வந்து சாவியை உருவி எடுத்து, முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அதைத் திட்டுகிற முகத்தோடு செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எதுக்கு உள்ளே பூட்டினே?"

"காத்து அடிச்சுது. கதவு ஆடிச்சு."

அவள் சன்னலைப் பார்த்தாள். மூடுபனி சுவரில் பூசியதுபோல் அசையாமல் நின்றது.

"ஆமா. பேய்க்காத்து," என்றாள்.

என் போன் காரில் இருந்தது, இன்னமும் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கும். அவளுடையது எப்போதும்போல் வீட்டு மேசை இழுப்பறையில், தொலைந்துபோகாத இடத்தில். பாதிரியார் உடை மாற்றும் அறைக்கு ஒரு பின்வாசல் உண்டு. கூரையின் ஈயத்தகட்டைத் திருடுகிறவர்கள் வந்துபோன பிறகு அதற்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டார்கள். சன்னல்கள் ஆளுயரத்துக்கு மேலே. நான் கதவருகே நின்று கத்திப் பார்த்தேன். சுவர் அப்படியொரு தடிமன். என் கத்தலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. கூரையில் ஒரு வெள்ளை ஆந்தை மட்டும் இடம் மாறி உட்கார்ந்தது. இருட்டினால் திருமதி டேக் சாவியைத் தேடி வந்துவிடுவார், கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள் ஹேசல்.

கதவு வைத்த பெட்டிமாதிரி ஒரு பழைய பெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தோம். குளிர் காலில் ஏறாமலிருக்க அந்தக் காலத்துப் பணக்காரர்கள் செய்துகொண்டது. ஹேசல் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். ஊறுகாய் வைத்த பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை என்னிடம் தந்தாள். எல்லாம் கூடிவந்திருந்தது. யாரும் உள்ளே வர முடியாது. ஆடு வர முடியாது. நான் வாயைத் திறந்தேன்.

"இன்வர்னெஸ்ல தேநீர் கோப்பையிலேயே உறைஞ்சுபோயிடுமாமே?" என்றேன்.

"மூடி வச்சுக்கறேன்," என்றாள். பெஞ்சின் மூலையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னுடையதை அல்ல, சுவரில் இருந்தவற்றை. வெளிச்சம் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. அது வற்ற வற்ற, சுவரிலிருந்த ஆறு நிறைந்தது. மீன்கள் திரும்புவதை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஒரு மீன் முன்பு பார்த்த பக்கம் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சு லேசாக ஆடியது. துறையிலிருந்து கழற்றிவிட்ட படகுபோல் தூண்களுக்கு நடுவே அது நகர்ந்தது. முதுகு சாய்த்துச் சாய்த்து அந்தப் பலகையை வழுவழுப்பாக்கிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள், ஈரக் கம்பளியின் வாசனையோடு. யாருக்கும் அவசரமில்லை. அந்தப் பெரிய கால்களின் சொந்தக்காரர் முழங்காலுக்கு மேலே எங்கே போயிருப்பார் என்று யோசித்தேன். அக்கரைக்குப் போயிருப்பார். காலை மட்டும் இங்கே விட்டுவிட்டு. ஹேசல் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு இந்நேரம் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். அதற்கப்புறம் வருகிற வியாழக்கிழமைகளை நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக மடித்து எங்கேயாவது வைக்க வேண்டும்.

எழுந்து நடந்தேன். கோபுரத்தின் அடியில் மணிக்கயிறு தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த யோசனை அன்று முழுக்க எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை என்று நினைத்தேன். மணியடித்தால் ஊர் வரும்.

மூன்று இழுப்பு இழுத்ததும் மூச்சு வாங்கியது. நின்றேன். மறுபடி மூன்று. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். மறுபடி மூன்று. அதற்குப் பிறகு கயிறு என்னைப் புரிந்துகொண்டது. இழுக்கவே வேண்டியதில்லை; போ என்றால் மேலே போயிற்று, வா என்றால் கையில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு அடியும் மேலேயிருந்து இறங்கி, சுவர் வழியாக வந்து, என் காலணிக்கு அடியில் கரைந்தது. ஒன்று கரைவதற்குள் அடுத்தது. கோபுரமே ஒரு பெரிய விலங்குபோல் மூச்சு விட்டது; அதன் வயிற்றுக்குள் நான் நின்று ஆடிக்கொண்டிருந்தேன். எதற்காக அடிக்க ஆரம்பித்தேன் என்பதே மறந்துவிட்டது. அவ்வளவு சுகமாக நான் எதையுமே செய்ததில்லை, அதுவும் அவ்வளவு தப்பாக.

ஒரு கை கயிற்றைப் பிடித்து நிறுத்தியது. ஹேசல். தலைமுடி கலைந்து, பாதித் தூக்கத்தில் நின்றாள். உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"தொண்ணூத்தி மூணு," என்றாள். "நீ இப்போ யாரைக் கொன்னேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். அவள் சொன்னாள். மற்ற ஊர்கள் விட்டுவிட்ட வழக்கத்தை ஸ்னெட்டரிங் விடவில்லை. ஊரில் ஒருவர் இறந்தால் மணியே சேதி சொல்லிவிடும். பெண் என்றால் இரண்டிரண்டாக மூன்று முறை. ஆண் என்றால் மும்மூன்றாக மூன்று முறை. அதற்கப்புறம் வயதுக்கு ஒன்று. ஊரே கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்று எண்ணும். எண்ணி முடித்ததும் யார் என்று தெரிந்துவிடும். குழந்தையிலிருந்து பழகியதால் தூக்கத்தில்கூட அவளால் எண்ணாமல் இருக்க முடியாது.

"அந்த வயசுல இங்கே ஒரே ஆம்பளைதான் இருக்கார். ஹோரஸ். நல்லா இருந்தார் பாவம்."

எப்படியோ ஊர் வந்துவிடுமில்லையா என்று கேட்டேன். வராது என்றாள். சாவு மணி கேட்டால் சன்னல் திரையை இழுத்துவிட்டுவிட்டுச் செத்தவர் வீட்டுக்குத்தான் போவார்கள். கோயில் பக்கம் ஒருத்தரும் வரமாட்டார்கள். மணியடிக்கிறவனைத் தனியாக விட்டுவிட வேண்டும் என்பதும் இந்த ஊர் வழக்கம். அவள் அப்பா மணியடிக்கும்போது அழுவாராம், எதிரிக்கு அடித்தாலும் அழுவாராம். ஊருக்கே தெரியும். அதனால் யாரும் வந்து பார்த்ததில்லை.

கயிற்றை விடாமல் அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு நான்தான் அடிச்சேன்," என்றாள். "அவர் வயசு முடிஞ்சப்போ நிறுத்த மனசு வரலை. ஒண்ணு கூடுதலா அடிச்சுட்டேன். ஊர் பூரா எண்ணியிருக்கும். ஒருத்தர்கூட என்கிட்ட தப்புன்னு சொல்லலை."

என்னிடம் இதற்கு ஒரு வேடிக்கையான பதில் இருந்தது. எனக்கு எதற்கும் ஒன்று இருக்கும். அது நாக்கு நுனிவரை வந்து, அங்கே உட்கார்ந்து, திரும்பிப் போய்விட்டது. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். மேலே மணி அடங்கியும் அடங்காமல் சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தது.

வெளியே சரளைக்கல்லில் கால்கள் நடக்கிற சத்தம், கைத்தடி ஊன்றுகிற சத்தம். கோபுரத்தை ஒட்டினாற்போல் இருந்த கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் கதவின் பலகைகள் காய்ந்து சுருங்கி, நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதில் ஒரு கண் தெரிந்தது.

"யாருப்பா அது உள்ளே, எனக்கு மணியடிச்சது?" என்றது கண்ணுக்குச் சொந்தமான குரல். ஹோரஸ்.

அவரே நடந்ததைச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து மணியை அவரும் எண்ணினாராம். யாரோ நம்ம வயசு ஆள் போயிட்டான் போலிருக்கே என்று வருத்தப்பட்டாராம். கொஞ்ச நேரத்தில் திருமதி டேக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்கப் பழக் கேக்கோடு வந்து கதவைத் தட்டினாராம். கதவைத் திறந்தது ஹோரஸேதான்.

"காலையிலேயே வந்து அந்தக் காலைப் பாத்துட்டுப் போனேன். இன்னிக்கு எனக்குச் சாவு கிடையாதுன்னு சொல்றேன், இந்தப் பொம்பளை நம்ப மாட்டேங்கிறா," என்றார். "கேக்கைத் திருப்பித் தர மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்."

பின்னாலிருந்து திருமதி டேக்கின் குரல் வந்தது. கடப்பாரை எடுத்துவரப் பண்ணைக்கு ஆள் போயிருக்கிறது என்றார். கோபமாக இல்லை, எங்கள் ஊரில் கோபப்படுகிறவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

"உள்ளேயிருந்து பூட்டாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே. எதுக்குப் பூட்டினீங்க?"

"காத்து..." என்று ஆரம்பித்தேன்.

ஹேசல் என் பக்கம் திரும்பினாள். இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. பின்னால் சுவரில் அந்த இரண்டு கால்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன.

"அவங்களுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லு," என்றாள். "நான் பிடிகொடுக்க மாட்டேங்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கியாமே. எட்டு மாசமா நீ என்னை என்ன கேட்டே? அங்கே ஆட்டுக்குக்கூட ஸ்வெட்டர் போடுவாங்களாமேன்னு கேட்டே. தேநீர் உறையுமான்னு கேட்டே. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

அவள் சொன்னது சரி. நான் யோசித்துப் பார்த்தேன். வேறெதையும் நான் கேட்டிருக்கவில்லை. மூடுபனிக்குள் வெளியே இரண்டு பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். முழங்காலுக்கு மேலே நான் இருக்கிறேனா என்பதே சந்தேகமாக இருந்தது.

"போகாதே, ஹேசல்," என்றேன். "நீ போனா எனக்கு ஒண்ணுமே இல்லை. என்னைக் கட்டிக்கிறியா?"

"சத்தமாக் கேளு, தம்பி," என்றார் ஹோரஸ், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "எனக்குக் காது மந்தம்."

சத்தமாகக் கேட்டேன். அது கோபுரத்துக்குள் ஏறிப்போய், மணியைத் தொட்டுவிட்டு, இறங்கி வந்தது. ஆந்தை மறுபடி இடம் மாறி உட்கார்ந்தது. ஹேசல் கயிற்றை அதன் கொக்கியில் மாட்டினாள்; அவள் அப்பாவும் அப்படித்தான் மாட்டியிருப்பார், அவ்வளவு நிதானமாக. பிறகு என் எதிரே வந்து நின்றாள்.

"கட்டிக்க மாட்டேன். ஒருத்தரோட சட்டையை இஸ்திரி போட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்," என்றாள். "ஆனா நாளைக்குக் கையெழுத்துப் போடலை, டெஸ்மண்ட். நான் எங்கேயும் போகலை."